ஆயா கண்டுபிடித்த கொலைகாரன்: ஒரு வாரத் தொடரின் நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் பஜ்ஜிக்காக நின்றுகொண்டிருந்தேன். நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஆயா வாசல்படியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார்.

"தம்பி, சித்ரா பௌர்ணமில லாஞ்சு எங்க கடலுக்குப் போச்சு? தடை கீதுல்ல? அந்தப் பையன் பொய் சொல்றான். அவன்தான் செஞ்சிகீறான்."

நான் வாராவாரம் எழுதி அனுப்பும் கொலைக் கதையைத்தான் சொன்னார். 40 வாரம் ஓட வேண்டிய கதை. 16 வாரம்தான் ஆகியிருந்தது. கொலைகாரன் யார் என்பதை 38-ஆம் வாரத்துக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதை ஒரு கிழவி, தெருவில் போகிற வருகிறவர்கள் காதில் விழ, பஜ்ஜிக் கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் சொல்லிவிட்டார். "பாக்கலாம் ஆயா" என்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பஜ்ஜி இறங்கவில்லை.

தொடர்கதை எழுதுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: வாசகர் முடிவைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? மாற்றுவதா, அப்படியே விடுவதா, காதில் விழாதது போல இருந்துவிடுவதா? நான் மாற்றினேன். மாட்டிக்கொண்டேன். எந்த வாரம் என்ன செய்தேன் என்று நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் இருப்பதால், தேதியோடு சொல்ல முடிகிறது.

கதையும் அது போன வழியும்

பகலில் எனக்குப் பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஷிப்பிங் பில் போடும் வேலை. எழுதுவது ராத்திரி. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அந்த வாரத்து அத்தியாயம் வாட்ஸாப்பில் போகும். எழுத்தாக ஒன்று, நானே வாசித்துப் பதிந்த குரலாக ஒன்று. ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேராது என்பதால் இரண்டு பட்டியல். பாதிப் பேர் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் இருப்பவர்கள். மீதிப் பேர் திருப்பூர், சேலம், ஷார்ஜா என்று சிதறிக் கிடக்கிறார்கள்.

ஆயா பட்டியலில் இல்லை. காசிமேட்டில் மீன் எடுத்து அன்னக்கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவர். எழுத்து தெரியாது. காலேஜில் படிக்கும் பேத்தி என் அத்தியாயத்தைச் சனிக்கிழமை காலையில் படித்துக் காட்டுவாள். என் குரல் பதிவை ஆயா ஒரு தடவை கேட்டிருக்கிறார். "நீ படிச்சா தூக்கம் வருது தம்பி" என்று முடித்துக்கொண்டார்.

கதை 2018-இல் காசிமேட்டில் நடக்கிறது. ஒரு லாஞ்சு (மீன்பிடி விசைப்படகு) ஓனரிடம் கணக்கு எழுதுகிறவர், மூடிக் கிடக்கும் ஐஸ் குடோனில் பிணமாகக் கிடக்கிறார். சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலையில். இது நாலாம் அத்தியாயம். கொன்றது ஓனரின் தம்பி. அது எனக்கு முதல் வரி எழுதும்போதே தெரியும். அவனுடைய அண்ணிக்கும் தெரியும், ஆனால் அவள் வாய் திறக்க மாட்டாள். கணக்குப்பிள்ளையின் மகள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறாள்.

மூன்று துப்பு, உண்மையில் ஒரு துப்பு

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மீன் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. இந்த நாட்களில் காசிமேட்டில் லாஞ்சுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜின் பிரித்து வேலை பார்ப்பார்கள். வலை பழுது பார்ப்பார்கள். ஃபைபர் படகும் கட்டுமரமும் மட்டும் கரையோரம் போய்வரும். வஞ்சிரம் விலை ஏறும். தமிழ் மாதம் சித்திரை ஏப்ரல் 14-ஐ ஒட்டிப் பிறப்பதால் சித்ரா பௌர்ணமி ஏறக்குறைய எப்போதுமே தடைக்காலத்துக்குள்தான் விழும். 45 நாள் கணக்கானாலும் விழும், 61 நாள் கணக்கானாலும் விழும். அதற்காகவே அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தேன். யாராவது பெரியவர் "அப்போ தடை கம்மி நாள்தானே" என்று மடக்கினாலும் கதை தப்பித்துவிடும் என்று எனக்கு ஒரு பெருமை.

இதை வைத்து மூன்று துப்பு போட்டேன். 11-ஆம் அத்தியாயத்தில் தம்பிக்காரன் சட்டைக் கையில் காயாத நீலப் பெயின்ட். 13-இல் ஐஸ் கட்டி வாங்கிய பில். படகே ஓடாதபோது லாஞ்சுக்காரன் வீட்டுக்கு அத்தனை ஐஸ் எதற்கு? 16-இல் அவனே போலீசிடம் சொல்கிறான்: "அன்னிக்கு ராத்திரி நான் லாஞ்சோட கடல்ல இருந்தேன் சார்."

ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு வாரம், மூன்று வாரம் இடைவெளி விட்டிருந்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பவன் கெட்டிக்கார வாசகன் என்று நினைப்பு. திருப்பூர் வாசகருக்கு அது அப்படித்தான் இருந்தது. அவருக்குத் தடைக்காலம் என்று ஒன்று இருப்பதே செய்தி. காசிமேட்டுக்காரருக்கு இது மூன்று துப்பு இல்லை. ஒரே துப்பை மூன்று தடவை காதில் ஓதினது போல. சித்திரையில் லாஞ்சு கரையில் நிற்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயின்டும் ஐஸும் அவர்களுக்குத் தேவையே படவில்லை, கடைசிப் பொய் ஒன்றே போதும்.

இதற்கு மேல் ஒரு கூத்து. ஜனவரி 5-ஆம் தேதி முதல் அத்தியாயம். வாரம் ஒன்று என்று எண்ணிக்கொண்டே வந்தால் 16-ஆம் அத்தியாயம் ஏப்ரல் 19-இல் விழுகிறது. நிஜமான தடைக்காலத்தின் ஐந்தாவது நாள். அதோடு தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள், எல்லோருக்கும் லீவு. விரலில் மையோடு ஊரே வீட்டில் இருக்கிறது. லாஞ்சில் போகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் இருக்கிறார்கள். ஆயாவிடம் விற்க மீன் இல்லை. அந்த நேரம் பார்த்து, "லாஞ்சோட கடல்ல இருந்தேன் சார்" என்று ஒருவனைப் பேச வைத்திருக்கிறேன். ஆயா என்னிடம் சொன்ன செவ்வாய்க்கிழமை, அந்த வருஷத்துச் சித்ரா பௌர்ணமியேதான். இவ்வளவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறித்தவன், அத்தியாயம் எந்தத் தேதியில் வெளியாகிறது என்று பார்க்கவில்லை.

நான் செய்த காரியம்

அடுத்த இரண்டு வாரத்தில் பதினோரு குரல் செய்திகள் வந்தன. எல்லாம் ஒரே ஆளைத்தான் சொல்லின. பதினொன்றும் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை. வெளியூரிலிருந்து ஒன்றுகூட இல்லை. இதைக் கவனித்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். கவனிக்கவில்லை. "எல்லாருக்கும் தெரிந்துவிட்டது" என்றே காதில் விழுந்தது.

மே 31, 22-ஆம் அத்தியாயம். ஐஸ் பேக்டரி மேனேஜரைக் கொலைகாரன் ஆக்கினேன். அவனே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, "நான்தான் செஞ்சேன்" என்கிறான். யாரும் எதிர்பார்க்கவில்லை என்பது உண்மை. எதிர்பார்க்க ஒரு வழியும் நான் வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை. 21 அத்தியாயங்களில் அந்த மேனேஜர் மொத்தமாகப் பேசியது ஆறு வாக்கியம். அதில் இரண்டு, "டீ சாப்பிடுறீங்களா?"

சரி, தம்பிக்காரன் எதற்குப் பொய் சொன்னான்? ஜூன் 7, 23-ஆம் அத்தியாயத்தில் ஒட்டுப் போட்டேன்: அவன் அன்று ராத்திரி ஒரு பெண் வீட்டில் இருந்தான், அதை மறைக்கத்தான் கடல் என்றான். அந்தப் பெண் யார்? அதுவரை கதையில் இல்லாதவள். பெயின்டுக்கும் ஐஸ் பில்லுக்கும் பதிலே இல்லை. நான் வைத்த துப்புகள் அனாதையாகத் தெருவில் நின்றன.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே பேத்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, ஆயா கூப்புடுது." போனேன். ஆயா வெற்றிலை மடித்துக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"நான் சொன்னேன்னு மாத்திட்டியா தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"அப்ப நான் சொல்லாத இருந்தா அவன்தானா?"

"ஆமா ஆயா."

"அப்ப எனக்காண்டி இன்னொருத்தன ஜெயில்ல போட்டுட்ட."

கதையில் வரும் ஆள்தான், காகிதத்தில்கூட இல்லை, போனில் இருக்கிறவன். ஆனாலும் அந்த வார்த்தை குத்தியது. ஷார்ஜாவிலிருந்து அதே நாளில் வந்த செய்தி வேறு மாதிரி குத்தியது: "சார், மேனேஜர்னு யார் வந்தார் இதுல? நான் ஏதும் அத்தியாயம் மிஸ் பண்ணிட்டேனா?" சரியாக ஊகித்தவர்களை ஏமாற்ற நினைத்துச் செய்த வேலையில், ஊகிக்கவே செய்யாதவர்களையும் சேர்த்து ஏமாற்றியிருந்தேன்.

வெளியே இதற்கு நல்ல உதாரணங்கள் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 1841-இல் சார்லஸ் டிக்கன்ஸ் 'பார்னபி ரட்ஜ்' நாவலை வாரத் தொடராக எழுதிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ அதன் தொடக்கப் பகுதிகளை மட்டும் படித்துவிட்டு, பழைய கொலையைச் செய்தவன் யார் என்று பத்திரிகை விமர்சனத்திலேயே எழுதிவிட்டார். கொலைகாரனை அவர் சரியாகவே சொல்லியிருந்தார். மற்ற விவரங்களில் அங்கங்கே தப்பு இருந்தது. தொடர் முடிந்தபோது கொலைகாரன் அவனேதான். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினுக்கு இதைவிடப் பெரிய தலைவலி. 1996-இல் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலோடு ஆரம்பித்த வரிசை இன்னும் முடியவில்லை, ஆயிரக்கணக்கானோர் வரிக்கு வரி தோண்டுகிறார்கள். சிலர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவரே பொது மேடையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்காகக் கதையை மாற்றினால் முன்னால் விதைத்த துப்பெல்லாம் கெட்டுப்போகும், மாற்ற மாட்டேன் என்பது அவர் நிலை. இதை நான் 2019 வாக்கிலேயே படித்து, நாலு பேருக்கு உபதேசமாகச் சொல்லியும் இருக்கிறேன். தெருவில் ஒரு ஆயா சத்தமாகச் சொன்னதும் படித்தது எல்லாம் பறந்துவிட்டது.

மூன்று வாரம்

ஜூன் 14, 21, 28. மூன்று வெள்ளிக்கிழமை அத்தியாயம் அனுப்பவில்லை. "உடம்பு சரியில்லை" என்று ஒரு வரி போட்டேன், அதுவும் பொய்தான். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து லாஞ்சுகள் கடலுக்குக் கிளம்பின. ஐஸ் வண்டி, டீசல் கேன், அரிசி மூட்டை என்று துறைமுகம் பரபரத்த அந்த வாரம் என் கதை கரையேறிக் கிடந்தது.

கதை நின்றால் ஊகம் நிற்குமா? டிக்கன்ஸின் கடைசி நாவலான 'எட்வின் ட்ரூட்' 12 பகுதிகளாக வர வேண்டியது. 6 எழுதி முடித்த நிலையில் 1870 ஜூனில் அவர் இறந்துவிட்டார். ட்ரூடுக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1914-இல் லண்டனில் அந்தக் கதாபாத்திரத்தைக் கொன்றதாக இன்னொரு கதாபாத்திரத்தின் மேல் போலி விசாரணையே நடத்தினார்கள். எழுத்தாளர் செஸ்டர்டன் நீதிபதி, நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா ஜூரிகளின் தலைவர். அது பெரிய இடத்துச் சமாச்சாரம். என் வாசலில் நடந்தது சின்னது. இஸ்திரிக் கடையில் ஒருவர் கேட்டார், "மேனேஜரு யாருக்கோ பயந்துகினுதான ஒத்துகினான்?" நான் பதில் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னாலேயே நானும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தேன். அனுப்பிவிட்ட அத்தியாயத்தைத் திரும்ப வாங்க முடியாது. மேனேஜர் ஒப்புக்கொண்டது நடந்துவிட்டது. ஒப்புக்கொண்டது உண்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும் கட்டாயம் இல்லை. அவனை யாரோ ஒத்துக்கொள்ள வைத்திருந்தால் கொலை பழையபடி தம்பிக்காரன் கைக்கே போய்விடும். அந்தப் பெண் கதையும் அவன் சொன்ன இரண்டாவது பொய் ஆகிவிடும். பெயின்டும் ஐஸும் வீடு திரும்பும்.

இன்னொரு முடிவும் அப்போதுதான் எடுத்தேன். 38-ஆம் வாரம் வரை ஒளித்து வைக்கப் போவதில்லை. பாதி ஊருக்குத் தெரிந்ததை மறைத்துக்கொண்டு 11 வாரம் ஓட்டினால், எழுதுகிறவன் முட்டாளாகத் தெரிவான். ஜூலை 26, 27-ஆம் அத்தியாயத்திலேயே வெளிப்படையாகப் போட்டு உடைத்துவிடுவது. அதற்குப் பிறகு கதையின் கேள்வி 'யார்' என்பதாக இருக்காது, 'அண்ணி வாய் திறப்பாளா' என்பதாக இருக்கும்.

தைரியம் கொடுத்தது கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை மூன்றரை வருஷம் ஓடியது. அருள்மொழிவர்மன் பின்னாளில் ராஜராஜன் ஆவான் என்பது முதல் வாரமே தெரிந்த சங்கதி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான் என்பதும் சரித்திரம் படித்தவனுக்குத் தெரியும். கொன்றவர்கள் பேரோடு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. ஊகிக்கவே தேவையில்லாத அளவுக்கு முடிவு தெரிந்த ஒரு கதைக்கு வாராவாரம் காத்திருந்தார்கள், பக்கத்தைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்தார்கள். எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் அப்படி ஒரு பைண்டு இருந்தது, அட்டை மட்டும் கரையான் தின்றிருந்தது. கல்வெட்டில் இருப்பதை மாற்றாமல், கல்வெட்டில் இல்லாத இடத்தில்தான் கல்கி விளையாடினார். மதுராந்தகன் விஷயத்தில் அவர் செய்ததை 70 வருஷம் ஆகியும் இங்கே உடைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்குத் தனியாக ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொன்னார்.

கொருக்குப்பேட்டைத் தம்பியின் கணக்கு

ஜூலை 5-இல் 24-ஆம் அத்தியாயத்தோடு தொடர் மறுபடி ஓட ஆரம்பித்தது. அடுத்த வாரம், 25-இல், மேனேஜர் ஏன் ஒப்புக்கொண்டான் என்று சொன்னேன்: மகள் கல்யாணத்துக்கு லாஞ்சு ஓனரிடம் வாங்கிய கடன். பத்திரம் ஓனர் கையில். "தம்பிய காப்பாத்து, பத்திரத்த கிழிச்சிடறேன்."

மறுநாள் கொருக்குப்பேட்டையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி போன் செய்தார். பேச்சில் கோபம் இல்லை, அதுதான் சங்கடம். "அண்ணா, என் சீன் வந்துடுச்சு. பேரு மட்டும் வரல."

நிறுத்தி வைத்திருந்த மூன்று வாரத்தில் அவர் ஒன்பது நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். மேனேஜர் பொய்யாக ஒப்புக்கொண்டதாக ஊகித்ததோடு நிற்கவில்லை. கடன், பத்திரம், ஓனர் பத்திரத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டுவது, வசனம் எல்லாம் சேர்த்துச் சொல்லியிருந்தார். போலி ஒப்புதல் என்பது என் யோசனைதான், நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஆனால் காரணமாக நான் எழுதி வைத்திருந்தது வேறு: மேனேஜர் ஐஸ் பணத்தைக் கையாடல் செய்தவன், ஓனர் அதை வைத்து மிரட்டுகிறார். கடன் பத்திரம் எங்கிருந்து வந்தது? அவர் பதிவை நான் கேட்டிருந்தேன். பஸ்ஸில், பாதித் தூக்கத்தில். எழுதும்போது அது என்னுடையது என்றே தோன்றியது. திருட்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கருத்துக்கும் கருவுக்கும் கதைப்போக்குக்கும் காப்புரிமை கிடையாது, அதை ஒருவர் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. அதாவது "மேனேஜர் பொய் சொல்றான்" என்று பத்து பேர் ஊகித்தால் பத்து பேருக்கும் அது சொந்தம் இல்லை. ஆனால் ஒருவர் காட்சியும் வசனமுமாகக் கட்டி, பதிந்தும் அனுப்பிவிட்டால் அங்கே நிலைமை வேறு. வாசகர் நினைப்பது போல, முதலில் சொன்னவருக்கே கதை சொந்தம் என்பது இல்லை. எழுத்தாளர் நினைப்பது போல, என் கதையைப் பற்றிச் சொன்னதெல்லாம் எனக்குச் சொந்தம் என்பதும் இல்லை.

'பாபிலான் 5' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கி 1990-களில் ரசிகர்களோடு நேரடியாகப் பேசுகிற ஆள். கதை யோசனை மட்டும் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஒரு ரசிகர் தெரியாமல் ஒரு கேள்வி போட, அது அவர் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்த அத்தியாயத்தோடு ஒத்துப்போய்விட்டது. அந்தக் கதையையே ஓரமாக வைத்துவிட்டார். ரசிகர் உரிமை கோர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் படம்பிடித்தார்கள்.

நான் தலைகீழாகச் செய்தேன்: முதலில் வெளியிட்டுவிட்டு அப்புறம் எழுதி வாங்கினேன். அவர் கடையிலேயே, டெம்பர் கிளாஸ் அட்டைகளுக்கு நடுவில், ஒரு முழுத்தாளில் நாலு வரி. பணம் வேண்டுமா என்று கேட்டதற்கு, "பேரு போடுங்கண்ணா, அம்மா பாக்கணும்" என்றார். 26-ஆம் அத்தியாயத்தின் தலையில் அவர் பேர் வந்தது. அதே வாரம் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: ஊகத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், கேட்கிறேன். காட்சியாகத் தோன்றினால் எனக்கு அனுப்பாதீர்கள், அது உங்கள் கதை, நீங்களே எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் பதிவை இப்போது நான் திறப்பதே இல்லை. கொஞ்சம் முரட்டுத்தனம்தான். இரண்டு பேர் இதனால் விலகிப் போனார்கள்.

எட்டு அத்தியாயம் கையிருப்பு இல்லாமல் புதிதாக ஒன்றும் அனுப்புவதில்லை என்பது இன்னொரு ஏற்பாடு. வெள்ளி சொன்ன ஊகத்துக்கு அடுத்த வெள்ளி பதறும் வசதியை எனக்கு நானே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

தப்பான ஊகம்

ஜூலை 26-இல் தம்பிக்காரன்தான் என்று உடைத்தேன். அன்று ராத்திரி ஒருவர்கூட "எனக்கு அப்பவே தெரியும்" என்று நிற்கவில்லை. பதினோரு பேரும் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்கள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் மே மாதம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அண்ணி போலீசிடம் சொல்வாள் என்பது என் திட்டம். 36-ஆம் அத்தியாயத்தில் அவளாகவே எழுந்து போய்ச் சொல்கிறாள். செப்டம்பரில் ஒரு நாள் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது ஆயா பிடித்துக்கொண்டார். இந்த முறை ஊகம் தப்பு.

"அவ சொல்ல மாட்டா தம்பி."

"ஏன் ஆயா?"

"சொல்லிட்டு எங்க போவா? அம்மா வூடு கீதா? புருஷன் வூட்ல சோறு போடுவானா? ரெண்டு புள்ளய இட்டுகினு எங்க போய் நிப்பா? நீ ஆம்பள, உனுக்கு இன்னா, எழுதிட்டு தூங்கிடுவ."

நான் அதை யோசிக்கவே இல்லை. அண்ணிக்கு மனசாட்சி கொடுத்திருந்தேன், வீடு கொடுக்கவில்லை. 36-ஆம் அத்தியாயம் கையிருப்பில் தயாராக இருந்தது, நன்றாகவும் இருந்தது. அவள் ஸ்டேஷன் படியேறுகிற இடத்தில் எனக்கே கண் கலங்கியிருந்தது. ஆயா கேட்ட பிறகு படித்தால், அந்தப் படிக்கட்டு எங்கேயும் போகாத படிக்கட்டாக இருந்தது.

முடிவை மாற்றவில்லை. அவள் சொல்கிறாள். அதற்கு முன்னால் ஒரு அத்தியாயம் புதிதாக எழுதினேன்: அண்ணி நாலு நாள் வீடு தேடுகிறாள். வ.உ.சி. நகரில் ஒரு அறை, "புருஷன் இல்லாம வாடகைக்கு விட மாட்டோம்மா." பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி, அட்வான்ஸ் கேட்டே மூச்சு நிற்கிறது. கடைசியில் ஏலக் கூடத்தில் கருவாடு காயவைக்கும் ஒரு கிழவி, "என்னாண்ட வந்து இரு, மூணு பேருக்கு எடம் கீது" என்கிறாள். அந்தக் கிழவி யார் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆயா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கருவாடு வித்ததே இல்ல" என்றார்.

இதனால் 40 வாரக் கதை 41 அத்தியாயமாகி, 2024 நவம்பர் 1-இல், தீபாவளிக்கு மறுநாள் முடிந்தது. கணக்கைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆயாவின் சரியான ஊகத்தால் எனக்கு மூன்று வாரம் போனது, இரண்டு மோசமான அத்தியாயம் மிஞ்சியது. அவருடைய தப்பான ஊகத்தால் இந்தத் தொடரில் நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் கிடைத்தது. முதலாவது என் துப்பு வேலை செய்கிறது என்று மட்டும் சொன்னது, அதற்குப் பதறியது என் தப்பு. இரண்டாவது என் கதையில் ஒரு சுவர் இல்லை என்று காட்டியது. அதற்கு ஒரு நன்றி வரி போடலாமா என்று பேத்தியிடம் கேட்டு அனுப்பினேன். "பேர் போட்டா அப்புறம் மீன் கேட்டு வர்றவங்க கத கேப்பாங்க, வேணாம்னு சொல்லிச்சுண்ணா" என்று பதில் வந்தது.

அடுத்த தொடர் இப்போது ஓடுகிறது. எண்ணூர் பக்கம் ஒரு பூட்டிய வீடு, அதில் காணாமல்போன ஒரு தையல் மிஷின். கடல் இல்லை, லாஞ்சு இல்லை, தேதிகளை அச்சடித்த காலண்டரோடு ஒத்துப்பார்த்துத்தான் அனுப்புகிறேன். மூன்றாவது வாரமே ஆயா ஒருவரைச் சொல்லிவிட்டார், காரணத்தோடு. அது சரியா தப்பா என்று இங்கே எழுத முடியாது. பேத்தி இதையும் படித்துக் காட்டுவாள்.